மேற்குப் பந்தலுக்குப் பீர்க்கங்கொடியா, காகிதப்பூவா?

பாளையங்கோட்டையில் புது வீடு கட்டியிருக்கும் ஒரு சகோதரியின் கேள்வி இது. வீட்டுக்கு மேற்கே காரும் பைக்கும் நிறுத்த இரும்புக் குழாயில் பந்தல் போட்டிருக்கிறார்கள், பத்தடிக்குப் பன்னிரண்டடி. அத்தை பீர்க்கோ புடலோ ஏற்றிவிடலாம் என்கிறார். பிள்ளைகள் காகிதப்பூதான் வேண்டும் என்கிறார்கள், அதுதான் போகன்வில்லா. வெயிலுக்கு நிழல் கிடைக்க வேண்டும், பார்க்க நன்றாக இருக்க வேண்டும், தினமும் மல்லுக்கட்ட முடியாது. எதை வைப்பது?

அந்தப் பந்தலுக்குப் பீர்க்கு. தை பிறந்ததும் விதை போடுங்கள். காகிதப்பூவை வாசல் பக்கத்துக் காம்பவுண்டுச் சுவரோரம் தரையில் வையுங்கள், பந்தலுக்கு மேலே வேண்டாம். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நர்சரியில் போய்க் கேட்டால் எந்த ஊருக்கும் பொருந்துகிற மாதிரி ஒரே பதிலைத்தான் சொல்வார்கள், நம் ஊருக்கு அது ஒத்துவராது.

திருநெல்வேலிச் சீமையில் கொடி வளர்ப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது காற்று. வைகாசி கடைசியில் மேல்காற்று கிளம்பிவிடும். செங்கோட்டைக் கணவாய் வழியாக ஒன்று, ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக ஒன்று என்று மலையைத் தாண்டி வரும் காற்று ஆனி, ஆடி, ஆவணி மூன்று மாதமும் விடாது. குற்றாலத்தில் சாரல், தென்காசி, அம்பாசமுத்திரம் வரைக்கும் கொஞ்சம் குளிர்ச்சி, அதற்குக் கிழக்கே வர வர மழையை மலையிலேயே இறக்கிவிட்டு வெறும் வறண்ட காற்றாக வரும். கயத்தாறிலும் பணகுடியிலும் முப்பந்தலிலும் அத்தனை காற்றாலைகள் நிற்பது சும்மா இல்லை. உங்கள் பந்தல் வீட்டுக்கு மேற்கே இருக்கிறது, அதாவது அந்தக் காற்றை முதலில் வாங்குவது அதுதான். பீர்க்கின் இலை அகலம், காம்பு பச்சைத் தண்டு, ஒரு வாரக் காற்றில் ஓரமெல்லாம் கிழிந்து, பற்றுக்கம்பி அறுந்து, பூ நிற்காமல் போய்விடும். அடிக்கிற அடியில் வேர் உறிஞ்சித் தருவதற்குள் இலையின் ஈரமும் வற்றிவிடும், காலையில் தண்ணீர் விட்டாலும் மத்தியானம் வாடிப்போய் நிற்கும்.

அதனால்தான் தை என்கிறேன். ஆடிப்பட்டம் தேடி விதை என்ற சொல் கத்தரி, வெண்டை, சீனிஅவரை மாதிரி தாழ நிற்கும் செடிகளுக்கு நம் ஊரிலும் சரிதான், ஆலங்குளம், பாவூர்சத்திரம் பக்கம் வயல்களைப் பார்த்தாலே தெரியும். ஆனால் எட்டடி உயரத்தில் மேற்கைப் பார்த்து நிற்கிற வீட்டுப் பந்தலுக்கு ஆடி ஆகாது. பந்தல் வீட்டுக்குக் கிழக்கே இருந்தால், வீடே காற்றை மறித்துக்கொள்ளும், அப்போது ஆடியிலும் தாராளமாகப் போடலாம். புரட்டாசியில் போட்டால் என்ன என்று கேட்பீர்கள். கொடி பூக்கிற நேரம் ஐப்பசி, கார்த்திகை மழையில் மாட்டிக்கொள்ளும். மகரந்தம் நனைந்துவிடும், பூவுக்கு வருகிற பூச்சி வராது, இலையின் அடியில் சாம்பல் நோய் பிடிக்கும். பங்குனியில் போட்டால் இன்னொரு சிக்கல். வெயில் ஏறி, பகல் நீள நீள, பீர்க்கு, புடல், பாகல் என்று இந்தக் குடும்பத்துக் கொடிகள் எல்லாமே ஆண்பூவை அள்ளிக் கொட்டும், பெண்பூ குறைந்துவிடும். 'கொடி நிறையப் பூ, ஒரு காயும் இல்லை' என்று வருத்தப்படுகிற வீடுகளில் விதைத்த மாதத்தைக் கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் மாசிக் கடைசியிலோ பங்குனியிலோ போட்டிருப்பார்கள்.

பொங்கல் முடிந்த கையோடு விதை போட்டால், ஒரு வாரத்துக்குள் முளை வரும், நாற்பது நாற்பத்தைந்து நாளில் பூ, மாசிக் கடைசியில் இருந்து பிஞ்சு. பங்குனி, சித்திரையில் பந்தல் முழுக்க இலை. கார் சூடாகிற, மேற்குச் சுவர் இரவு வரைக்கும் அனல் கக்குகிற அந்த இரண்டு மாதமும் உங்களுக்குத் தேவைப்படும் நிழல் சரியாக அப்போது கிடைக்கும். மேல்காற்று கிளம்புகிற நேரத்தில் கொடிக்கும் வயதாகி, கொடுக்க வேண்டியதையெல்லாம் கொடுத்து முடித்திருக்கும். பீர்க்கின் ஆயுளே நாலு மாதம்தான். அந்த நாலு மாதத்தை நம் ஊர்க் காற்றுக்கும் மழைக்கும் நடுவில் பொருத்திவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அழகு விஷயத்தில் பீர்க்கைக் குறைவாக நினைக்காதீர்கள். பாகல் பூ விடிகாலையில் விரியும், ஆனால் பீர்க்கம்பூ சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல்தான் விரிய ஆரம்பிக்கும். நீங்கள் வேலை முடிந்து வீடு திரும்புகிற நேரம், பந்தல் மேலே மஞ்சள் மஞ்சளாக ஒவ்வொன்றாகத் திறக்கும், லேசான வாசனையும் உண்டு. இருட்டிய பிறகு அந்துப்பூச்சிகள் தேடி வரும், அவைதான் இதற்கு மகரந்தம் சேர்ப்பவை. மறுநாள் வெயில் ஏறுவதற்குள் பூ சுருங்கிவிடும். காகிதப்பூவில் இந்த மாதிரி அன்றாடம் நடக்கிற ஒன்று கிடையாது. பிள்ளைகளிடம் இதைக் காட்டிவிட்டால், எனக்குத் தெரிந்து, கட்சி மாறிவிடுவார்கள்.

டவுனில் சுற்றிலும் கட்டடமாக இருந்து அந்துப்பூச்சி குறைவாக இருந்தால், சேர்க்கையை நாமே செய்யலாம். அதைப் பிள்ளைகள் கையில் கொடுங்கள். ஆண்பூக்கள் ஒரே காம்பில் கொத்தாக வரும். பெண்பூ தனியாக நிற்கும், பூவுக்குக் கீழே விரல் கணு அளவில் வரிவரியாக ஒரு குட்டிப் பீர்க்கங்காய் ஏற்கெனவே இருக்கும், அதுதான் அடையாளம். ஆறு, ஆறரை மணிக்கு ஒரு ஆண்பூவைப் பறித்து, இதழை உரித்துவிட்டு, நடுவில் இருக்கும் மஞ்சள் பொடியைப் பெண்பூவின் நடுவில் பூசுங்கள். இரண்டு மூன்று நாளில் தெரியும். சேர்ந்திருந்தால் பிஞ்சு பச்சையாக நீளும், சேராவிட்டால் நுனியில் இருந்து மஞ்சளாகிச் சுருங்கும்.

நடுகிற முறை பெரிய வித்தை இல்லை. இந்த அளவுப் பந்தலுக்கு இரண்டு மூலையில் இரண்டு குழி போதும், அதற்கு மேல் ஆசைப்பட்டால் இலையோடு இலை மோதி நோய்தான் வரும். குழி ஒன்றரை அடி ஆழம், ஒன்றரை அடி அகலம். புது வீடு என்கிறீர்கள், அதனால் தோண்டும்போது சிமெண்டுக் கட்டியும் செங்கல் உடைசலும் ஜல்லியும்தான் வரும், அத்தனையையும் வெளியே எடுத்துப் போட்டுவிட்டு நல்ல செம்மண் வாங்கி, பாதிக்குப் பாதி மட்கிய தொழுவுரம் கலந்து, இரண்டு கை வேப்பம்புண்ணாக்கும் போட்டு நிரப்புங்கள். குழிக்கு நாலைந்து விதை, முளைத்து இரண்டு வாரம் கழித்துத் திடமான இரண்டை மட்டும் விட்டுவிட்டு மற்றதைப் பிடுங்கிவிட வேண்டும். மனசு கேட்காதுதான், ஆனால் பிடுங்காமல் விட்டால் எதுவுமே உருப்படியாக வராது. கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 1, கோ 2, பெரியகுளத்தின் பி.கே.எம் 1 என்று ரகங்கள் உண்டு. பந்தலுக்குக் கீழே கார் நிற்பதால் ரொம்ப நீளமாகத் தொங்குகிற கோ 2 வேண்டாம் என்பேன்.

கொடி தரையிலிருந்து பந்தலுக்கு ஏற, இரும்புக் குழாயை நம்பாதீர்கள். வெயிலில் குழாய் கொதிக்கும், பிஞ்சுப் பற்றுக்கம்பி கருகும். சணல் கயிறோ, கிளை கிளையாக இருக்கிற காய்ந்த விளாரோ நட்டுவிட்டால் தானாகப் பிடித்து ஏறும். மேலேயும் குழாய்க்கு நடுவில் நைலான் வலையோ சணலோ கட்டிவிடுங்கள். பந்தலைத் தொடும் வரை பக்கக் கிளைகளைக் கிள்ளிவிட்டு ஒற்றைத் தண்டாக ஏற்ற வேண்டும், மேலே போனதும் நுனியைக் கிள்ள வேண்டும். அப்புறம் பக்கக் கிளை வெடித்துப் பரவும், பெண்பூ அந்தக் கிளைகளில்தான் அதிகம். கொடிக்குக் காய் பாரமா என்று கேட்பார்கள், கொடிக்குப் பாரமில்லை, ஆனால் வலைக்குப் பாரம், அதனால் ஓரங்களைக் கட்டுக்கம்பியால் இறுக்கிவிடுங்கள்.

தண்ணீர்தான் இதில் உண்மையான செலவு. பங்குனி, சித்திரையில் குழிக்கு நாள் தவறாமல் ஒரு குடம் வேண்டும். தாமிரபரணிக் குழாய்த் தண்ணீர் வருகிற வீடு என்றால் கவலை இல்லை, அரிசி கழுவுகிற தண்ணீர், காய் கழுவுகிற தண்ணீர் எல்லாம் அங்கேயே போகட்டும். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் பீர்க்கு திணறும், இலை ஓரம் தீய்ந்த மாதிரி காய்ந்துகொண்டே வரும். அடியில் தென்னை மட்டை, காய்ந்த சருகு போட்டு மூடிவைத்தால் ஈரம் நிற்கும்.

பூச்சி என்றால் இரண்டைச் சொல்ல வேண்டும். முளைத்து நாலு இலை விடும்போது சிவப்பு வண்டு வந்து இலையைச் சல்லடையாக்கும், காலைப் பனியில் இலை நனைந்திருக்கும்போது விறகுச் சாம்பலைத் தூவினால் பெரும்பாலும் அண்டாது. காய்க்க ஆரம்பித்த பிறகு பழ ஈ. பிஞ்சில் துளை போட்டு முட்டை வைக்கும், காய் வளைந்து, பிசின் மாதிரி வடிந்து, உள்ளே புழு. அந்தக் காயை மண்ணில் வீசாதீர்கள், புழு மண்ணுக்குள் போய்க் கூடு கட்டி அடுத்த தலைமுறையாக வெளியே வரும், தண்ணீர் வாளியில் மூழ்கவைத்துவிடுங்கள். நனைத்த கருவாட்டுத் தூளை ஓட்டை போட்ட பாட்டிலில் வைத்துத் தொங்கவிடுகிற கருவாட்டுப் பொறி நன்றாகவே ஈயை இழுக்கும், வாடை வரும் என்பதால் வீட்டு வாசலை விட்டுத் தள்ளிக் கட்டுங்கள். இன்னொன்று, வேப்பெண்ணெய்க் கரைசல் எதுவானாலும் சாயங்காலம் அடி என்று எல்லாரும் சொல்வார்கள். பீர்க்குக்கு அது தப்பு, சாயங்காலம்தான் பூவும் அந்துப்பூச்சியும் சேருகிற நேரம். விடிந்ததும் அடித்துவிடுங்கள்.

ஒரு கொடிக்குப் பத்துப் பன்னிரண்டு காய் என்று வைத்தாலும் இரண்டு குழியில் நாலு கொடி, வீட்டுக்குப் போகப் பக்கத்து வீட்டுக்கும் கொடுக்கலாம். விளிம்பு வளைத்தால் பட்டென்று ஒடிகிற பருவத்தில் பறிக்க வேண்டும், இரண்டு நாள் விட்டால் நார் பிடித்துவிடும். சதை கூட்டுக்குப் போகும், வரியைச் சீவிய தோலை நல்லெண்ணெயில் வதக்கி, உளுந்தம்பருப்பு, வற்றல், புளி, தேங்காய் வைத்து அரைக்கிற துவையலுக்காகவே எங்கள் பக்கம் பீர்க்கு வளர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். சமைப்பதற்கு முன் ஒரு துண்டு நறுக்கி நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் அந்தக் காய் முழுவதையும் தூக்கிப் போட்டுவிட வேண்டும், பாவம் பார்த்து மசாலா சேர்த்துச் சமாளிக்கக் கூடாது. பீர்க்கு, சுரை இரண்டிலும் கசப்பு என்றால் வயிற்றைக் கலக்குகிற நச்சு ஏறியிருக்கிறது என்று அர்த்தம்.

இனி காகிதப்பூ. எனக்கு அதன் மேல் ஒரு குறையும் இல்லை, இந்த ஊர் வெயிலுக்கு அதைவிடத் தோதான பூக்கொடி சொல்வது கஷ்டம். தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. பூகன்வில் என்ற பிரெஞ்சுக் கடலோடி 1766 முதல் 1769 வரை உலகைச் சுற்றி வந்த பயணத்தில், கூடப் போன கொமெர்சோன் என்ற தாவர அறிஞர் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில் சேகரித்தார், தலைவர் பெயரே கொடிக்கு நின்றுவிட்டது. ஒரு கொத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள், மெஜந்தா நிறத்தில் காகிதம் போல இருக்கும் மூன்றும் இதழே இல்லை, நிறம் மாறிய இலை. அவற்றின் நடுவில் குச்சி மாதிரி நிற்கும் குட்டி வெள்ளைக் குழல்தான் பூ. இலை என்பதால்தான் வாரக்கணக்கில் வாடாமல் நிற்கிறது.

இதன் குணமே பீர்க்குக்கு நேர் எதிர். தண்ணீரும் உரமும் அதிகமானால் பூக்காது, இலையாகக் கொழுக்கும். முதல் வருஷம் வேர் பிடிக்கிற வரைதான் ஊற்ற வேண்டும், அதற்குப் பிறகு இலை லேசாகத் தொங்குகிற அளவுக்குக் காயவிட்டு ஒரு தடவை நன்றாக ஊற்றினால் கொத்துக் கொத்தாகப் பூக்கும். பூ வருவது புதுக் கிளையில், அதனால் ஒரு சுற்றுப் பூத்து முடிந்ததும் வெட்டிவிட வேண்டும். ஓரளவு உப்புத் தண்ணீரையும் தாங்கும். பென்சில் கனத்துக் குச்சி ஒன்றை மழைக்கு முன் புரட்டாசியில் நட்டால் போதும். காற்றையும் தாங்கும், தண்டு மரம் மாதிரி.

அப்படியிருந்தும் உங்கள் பந்தலுக்கு வேண்டாம் என்பதற்கு முதல் காரணம் முள். அதை வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவையாவது வெட்டித்தான் ஆக வேண்டும், வெட்டுவது வண்டி நிற்கிற தரையில் விழும், காய்ந்த முள் செருப்பையும் சைக்கிள், பைக் டயரையும் குத்தும். எவ்வளவு கூட்டினாலும் ஒன்றிரண்டு தங்கிவிடும். இரண்டாவது, வருஷம் ஏற ஏறக் கட்டை கனமாகும். இப்போது போட்டிருக்கிற குழாய் அதற்கென்று போட்டதாக இருக்காது, ஆடிக் காற்றில் அந்தப் பாரம் முழுவதும் பந்தலை இழுக்கும். மூன்றாவது, ஆடியில் அந்தக் காகிதம் முழுவதும் பறந்து கிழக்கே போகும், அதாவது உங்கள் வீட்டுக்குள்ளேயே வரும். வாசல் சுவரோரம் வைத்தால் இந்த மூன்றும் தொந்தரவு இல்லை, சுவர் தாங்கும், முள்ளும் சுவருக்குக் காவல், தெருவில் போகிறவர்களுக்கும் கண்ணுக்குக் குளிர்ச்சி.

பீர்க்கு முடிந்த பிறகு பந்தல் வெறும் கம்பியாக நிற்குமே என்றால், அதற்குச் சங்குப்பூ. பீர்க்கு விதைக்கிற அன்றே மற்ற இரண்டு மூலையிலும் ஊறவைத்த சங்குப்பூ விதை நாலைப் போட்டுவிடுங்கள். இலை சின்னது, தண்டு மெல்லியது, ஆனால் நார் பலம், காற்று அடித்தாலும் வளைந்துகொடுத்து நிற்கும். அவரைக் குடும்பம் என்பதால் வேரில் தழைச்சத்தையும் சேர்த்து வைக்கும். நீலம், வெள்ளை இரண்டும் கிடைக்கிறது, பூஜைக்கு அத்தை பறித்துக்கொள்வார். நிழல் பீர்க்கு அளவுக்கு அடர்த்தி இருக்காது. காய் முற்றி வெடித்துத் தரையெல்லாம் முளைக்கும், வேண்டாததைப் பிடுங்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

மற்றவற்றையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். புடல் பூ வெள்ளை நூல் பின்னிய மாதிரி அத்தனை அழகு, இரவில் விரியும், ஆனால் நுனியில் கல் கட்டித் தொங்கவிட்டால் கார் கூரையில் இடிக்கும், குட்டைப் புடல் என்றால் பரவாயில்லை. மிதிபாகல் நல்ல கொடி, நிழல் போதாது. பிள்ளைகளுக்குப் பூ இருந்தே ஆக வேண்டும் என்றால் இரங்கூன் மல்லி ஒரு வழி, சாயங்காலம் வெள்ளையாக விரிந்து, மறுநாள் ரோஸ், அப்புறம் சிவப்பு என்று ஒரே கொத்தில் மூன்று நிறம், வாசனையும் உண்டு, ஆனால் வேரிலிருந்து கன்று வெடித்துக்கொண்டே இருக்கும். செங்காந்தள் நம் மாநில மலர்தான், வேலியில் பார்த்தால் ஆசையாக இருக்கும், ஆனால் கிழங்கு முதல் விதை வரை முழுக்க விஷம், சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் வைக்கவே வேண்டாம்.

இவ்வளவும் பாளையங்கோட்டைக்குச் சொன்னது. வள்ளியூர், ராதாபுரம், திசையன்விளை பக்கத்து ஆள் யாராவது இதே கேள்வியைக் கேட்டால், தண்ணீரை வாயில் ஊற்றிப் பாருங்கள் என்பேன். கரித்தால் காய்க்கொடிக்கு மல்லுக்கட்ட வேண்டாம், காகிதப்பூவே வையுங்கள், வண்டியை மட்டும் வேறு இடத்தில் நிறுத்துங்கள். அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி மாதிரி ஆற்றங்கரை ஊர் என்றால் பீர்க்கைத் தவிர வேறு எதையும் யோசிக்க வேண்டியதில்லை. உங்களுக்குத் தைக்கு இன்னும் நாள் இருக்கிறது, குழியை இப்போதே தோண்டி எருவைப் போட்டு ஆறவிடுங்கள். முதல் வருஷம் நன்றாகக் காய்க்கிற கொடியில் அடியில் வருகிற ஒரு காயைப் பறிக்காமல் முற்றவிட்டு, உலுக்கினால் உள்ளே விதை சலசலக்கும் வரை காய வையுங்கள். கலப்பின விதையாக இல்லாவிட்டால் அடுத்த தைக்கு விதை வாங்க வேண்டிய வேலையே இல்லை.